பஞ்ச ஜாபிதாவும் விடுபட்ட பெயர்களும்

பஞ்சம் என்றால் நம்மவர்க்கு முதலில் நினைவில் வருவன வறண்ட ஏரியும், வெடித்த வயலும், எலும்புந் தோலுமான மாடுகளுமே. பஞ்ச காலத்தில் சோற்றுக்கும் வயிற்றுக்கும் இடையே நின்ற மற்றொரு பொருளை எவரும் அவ்வளவாக நினைப்பதில்லை. அது ஒரு கணக்கேடு. யாருக்குக் கஞ்சி உண்டு, யாருக்கு இல்லை என்று எழுதிவைத்த பெயர் ஜாபிதா. தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து, அன்றாடம் பெயர் எழுதியே பிழைப்பு நடத்தும் நமக்கு அந்த ஏட்டின் சரித்திரத்தை அறிய ஆவல் பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனைக் கட்டுரையின் முடிவில் ஒளிக்காமல் கூறுவோம்.

நம் பாட்டன்மார் வாயில் "தாது வருஷப் பஞ்சம்" என்று வழங்கிய பெரும் பஞ்சம் 1876-இல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. 1876-இல் பருவமழை பொய்த்தது; அடுத்த ஆண்டும் காலத்தில் பெய்யவில்லை. பல்லாரி, கர்நூல், கடப்பை, நெல்லூர், வட ஆர்க்காடு, செங்கற்பட்டு, சேலம், கோயமுத்தூர் ஆகிய ஜில்லாக்களும், அண்டையிலிருந்த மைசூர் சமஸ்தானமும் பெரிதும் அடிபட்டன. தானியம் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. கப்பலிலும் ரயிலிலும் மூட்டைகள் வந்துகொண்டுதான் இருந்தன. வாங்குவதற்குக் கையில் காசில்லாத ஜனங்களே மாண்டனர். சேலம் ஜில்லாவில் 1871 குடிக்கணக்கின்படி ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தனர். 1881-இல் ஏறக்குறைய 16 லட்சம் பேரே இருந்தனர். பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் சுமார் 52½ லட்சம் பேர் மடிந்தனர் என்று பின்னர் அமைந்த பஞ்ச விசாரணைக் கமிஷன் மதிப்பிட்டது. சேலம், ஆர்க்காடு, திருச்சி, தஞ்சை ஜில்லாக்களிலிருந்து கடல் கடந்து வந்தோரின் வழிவந்தவரே இந்நாட்டுத் தோட்டத் தமிழரிற் பலர். ஆதலால் இது நமக்கு அயலார் கதையன்று.

பசித்தோர்க்குச் சோறிட ஏடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1867-இல் இராமலிங்க அடிகள் வடலூரில் நிறுவிய தருமச்சாலையில், சாதி மத பேதமின்றி வந்தவர்க்கெல்லாம் சோறிடப்பட்டது. பசி ஒன்றே அங்கு வேண்டிய தகுதி. ஒரு சாலைக்கு இது பொருந்தும். ஆனால் பல லட்சம் பேரைப் பல மாதங்கள் காக்கவேண்டிய சர்க்காருக்கு எந்த ஊரில் எத்தனை பேர், அவர்க்கு எத்தனை மூட்டை, எவ்வளவு பணம் என்று தெரிந்தாக வேண்டும். இல்லையேல் மூட்டை தாலுக்காக் கச்சேரியிலேயே கரைந்துபோகும். ஆகவே ஏடு வேண்டியதுதான். அது யாருக்காக எழுதப்படுகிறது, எழுதுபவர் எவரைக் கண்டு எழுதுகிறார் என்பவையே கேள்வி.

அப்பொழுது நிவாரணம் இரு வகையாய் நடந்தது. உடலில் வலுவுள்ளவர் பாதை போடவும், ஏரி தூர் வாரவும், கால்வாய் வெட்டவும் சென்று கூலி பெற்றனர். சென்னைக் கடலோரமாய் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியதே. அக்காலக் கவர்னராயிருந்த பக்கிங்காம் கோமகன் பெயரை அது தாங்கி நிற்கிறது. வேலை செய்ய இயலாதவர்க்குக் கஞ்சித் தொட்டியும், ஊரில் வைத்தே கொடுக்கும் படியும் இருந்தன. முன்னவர் பெயர் வேலைத்தலத்து இடாப்பில் இருந்தது. பின்னவர் பெயர் ஊர் ஜாபிதாவில் இருந்தது. இரண்டிலும் இல்லாதவன் சர்க்காரின் கண்ணுக்கு இல்லாதவனே.

1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரைப் பஞ்சப் பிரதிநிதியாகச் சென்னைக்கு அனுப்பினார். இந்த டெம்பிள் 1874-இல் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மா அரிசியைத் தாராளமாய்த் தருவித்து, சாவு மிகக் குறைவாயிருக்கும்படி செய்தவர். அதற்கு அவர் பெற்ற பரிசு, பணத்தை வீணாக்கினார் என்ற வசையே. பழி தாங்கிய மனிதர் இம்முறை வேறு மனிதராய் வந்தார். வேலைத்தலங்களில் தகுதியில்லாதார் பலர் சேர்ந்துவிட்டனர் என்று கூறி, ஏராளமானோரை இடாப்பிலிருந்து நீக்கச் செய்தார். ஆண் கூலி ஒருவனுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியம் வாங்கும் விலையும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு இக்கால நிறையில் அரைக் கிலோவுக்குங் குறைவு. சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். மண் வெட்டும் மனிதன் இந்த அளவு உண்டு உயிர் தாங்கான் என்பது அவர் வாதம். சில மாதங்களில் சென்னைச் சர்க்கார் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் இறந்தவரை எந்த உத்தரவும் மீட்டுத் தரவில்லை.

இனி ஊர் ஜாபிதாவைப் பார்ப்போம். அதற்குப் பொறுப்பாளர் ஊர் மணியக்காரரும் கணக்கப்பிள்ளையுமே. நிலவரிக் கணக்கு எழுதிய அதே கை பசிக் கணக்கையும் எழுதிற்று. வரி செலுத்துவோனைக் கணக்கப்பிள்ளை நன்கறிவார். நிலமற்ற பண்ணையாளின் பெயரோ அவர் ஏட்டில் என்றுமே இருந்ததில்லை. மேலும் அவர் இருந்தது ஊரில். பசி மிகுந்திருந்தது சேரியில். சேரிக்குள் கால் வைத்தால் தீட்டு என்று எண்ணிய காலத்தில், சேரியில் எந்தக் குடிசையில் கிழவி எழுந்திருக்க மாட்டாமல் கிடக்கிறாள் என்று அவர் எவ்வாறு அறிவார்? கஞ்சித் தொட்டியிலோ, பிறர் சமைத்ததை உண்ணோம் என்று சாதியின் பேரால் ஒதுங்கிய ஏழைகளும் இருந்தனர். சாதி ஒருவனைத் தொட்டியருகே வரவொட்டாமல் தடுத்தது. மற்றொருவனை ஏட்டில் ஏறவொட்டாமல் தடுத்தது. சாதியின் கேட்டை மேடையில் பேசுவோர் இந்தப் பஞ்சக் கணக்கையும் சேர்த்துப் பேசவேண்டும்.

இத்தனை லட்சம் சாவுக்குப் பின் சர்க்கார் விழித்தது. 1878-இல் சர் ரிச்சர்டு ஸ்டிரேச்சியின் தலைமையில் அமைந்த கமிஷன் 1880-இல் அறிக்கை தந்தது. 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பு ஒன்று வகுக்கப்பட்டு, அதனைப் பின்பற்றி மாகாணங்கள் தத்தம் விதிகளை அமைத்துக்கொண்டன. வேலை செய்ய இயலாமல் ஊரிலேயே உதவி பெறத்தக்கவர் இன்னின்னார் என்று அதில் வரையறுக்கப்பட்டது: குருடர், முடவர், சித்தசுவாதீனம் இழந்தோர், முதுமையாலும் நோயாலும் தளர்ந்தோர், பிணியாளரையோ கைக்குழந்தைகளையோ விட்டு அகல முடியாதோர், வெளியில் வரும் வழக்கமில்லாத மாதர் ஆகியோர். ஜில்லாவை வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு ஓர் அதிகாரியை அமர்த்தி, ஜாபிதாவில் உள்ளோரை அவர் நேரிற் கண்டு சரிபார்க்கவேண்டும் என்றும், விடுபட்டோரைத் தேடிச் சேர்க்கவேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. ஏட்டை நம்பி மனிதனை அளப்பதை விட்டு, மனிதனைக் கண்டு ஏட்டைத் திருத்தும் முறை இது. கருமித்தனம் நிறைந்த அந்த விதிகளில் நாம் மெச்சத்தக்க பகுதி இதுவே.

இங்கு நம் தொழில் அனுபவத்தால் ஒன்று கூறுவோம். பெயர் ஜாபிதாவில் நேரக்கூடிய பிழை இரண்டே. இருக்கத் தகாத பெயர் இருந்துவிடுவது ஒன்று. இருக்கவேண்டிய பெயர் விடுபடுவது மற்றொன்று. முதற் பிழையால் கொஞ்சம் அரிசி நட்டம். இரண்டாவதால் ஓர் உயிரே நட்டமாகலாம். ஆயினும் கணக்குத் தணிக்கை செய்பவர் கண்ணில் முதற் பிழை மட்டுமே படும், பெயர் அங்கே எழுதியிருப்பதால். விடுபட்ட பெயர் எந்தப் பக்கத்தைப் புரட்டினும் அகப்படாது. எனவேதான் சர்க்கார்கள் எக்காலத்தும் முதற் பிழையைக் களைவதில் முனைந்து, இரண்டாவதைப் பெருக்கிவிடுகின்றன. டெம்பிள் செய்ததும் அதுவே.

விதித்தொகுப்பு இருந்தும் அதனைப் பெட்டியில் பூட்டிவைத்தால் என்ன நேரும் என்பதை 1943-இல் வங்காளம் காட்டியது. அங்கே பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கவே சர்க்கார் மறுத்துவிட்டது. அதற்கு முன்பே, 1942-இல், கல்கத்தாவின் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் யுத்தத்துக்கு வேண்டியவர் எனக் கருதப்பட்டோர்க்கு அரிசி கிடைக்க வர்த்தகச் சங்கத்தின் வாயிலாக ஒரு திட்டம் நடந்தது. அவர்கள் ஏட்டில் இருந்தனர். நாட்டுப்புறத்து விவசாயக் கூலியும், செம்படவனும் எந்த ஏட்டிலும் இல்லை. 1945-இல் அறிக்கை தந்த விசாரணைக் கமிஷன் 15 லட்சம் பேர் இறந்தனர் என்று கணித்தது. பின்னாளைய ஆராய்ச்சியாளர் இதனை 30 லட்சம் வரை உயர்த்தியுள்ளனர்.

இது அந்நியர் ஆட்சியோடு தீர்ந்துபோன கதை என்று எண்ணுவோரும் உளர். சுதந்திர இந்தியாவில் 1997-இல் பங்கீட்டு அரிசி பெறுவோர் வறுமைக் கோட்டுக்குக் கீழோர், மேலோர் என்று இரு கூறாக்கப்பட்டனர். கோட்டை எழுதுகோலால் கிழித்துவிடலாம். பசியை அப்படிக் கிழிக்க முடியுமா? கீழே நிற்கவேண்டிய பலர் மேலே எழுதப்பட்டனர். தமிழ்நாடு மட்டும் இப்பிரிவினையை ஏற்காமல், குடும்ப அட்டையுள்ள எல்லோர்க்கும் அரிசி என்ற வழியிலேயே நின்றது. வசதியுள்ளவனுக்கும் அரிசி போகிறதே என்று குறை கூறியோர் உண்டு. விடுபட்டு வாடியோர் அங்கே குறைவு என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்த்திருக்கலாம்.

2013-இல் இந்தியப் பார்லிமெண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் சட்டப்படியான உரிமையாயிற்று. தகுதியுடையோர் ஜாபிதாவை யாவரும் காண வெளியிடவேண்டும், பங்கீட்டுக் கணக்குகளைப் பொதுமக்கள் பார்வையிடத் திறந்துவைக்கவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. நல்லதோர் ஏற்பாடு. ஆனால் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்மேல் கட்டப்பட்டது. 2021-இல் நடக்கவேண்டிய குடிக்கணக்கு அவ்வாண்டு நடக்கவில்லை. ஜனத்தொகை வளர்ந்தும் ஏடு வளராமையால் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் வெளியே நிற்பதாகப் பொருளியலறிஞர் ழான் திரேஸ் முதலியோர் 2020-இல் மதிப்பிட்டனர். ஆதார் எண்ணோடு இணைக்கப்படாத அட்டைகள் போலி எனக் கருதி நீக்கப்பட்டதும் உண்டு. 2017-இல் ஜார்க்கண்டு மாநிலத்தில் அவ்வாறு அட்டை இழந்த குடும்பத்தின் சிறுமி ஒருத்தி இறந்தாள். பட்டினியால் இறந்தாள் என்றார் பெற்ற தாய். நோயால் இறந்தாள் என்றனர் அதிகாரிகள். அட்டை நீக்கப்பட்டதை மட்டும் எவரும் மறுக்கவில்லை.

இப்பொழுது நாம் முன்னே வாக்களித்ததைச் சொல்லவேண்டும். 2020 மார்ச்சு 18-இல் இந்நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய சில வாரங்களில், பட்டணத்து அன்பர் சிலர் நம் தோட்டத்துக்கு உணவுக் கூடைகள் கொடுக்க முன்வந்து, பெயர் ஜாபிதா கேட்டனர். நாம் செக்ரோலைத் திறந்து, பெயர்களை வரிசையாய்ப் பெயர்த்து எழுதிக் கொடுத்தோம். ஓர் எண்ணும் பிசகவில்லை. மூன்றாம் நாள், முப்பது வருஷம் பால்மரம் வெட்டி ஓய்ந்து, லயத்தின் கடைசி வீட்டில் பேரப்பிள்ளையோடு இருக்கும் கிழவி ஆபீசு வாசலுக்கு வந்தார். "கிராணி ஐயா, எம் பேரு இல்லையாமே?" என்றார். ஏட்டைப் பார்த்தோம். "இல்லை பாட்டி" என்றோம். வேலையில் இல்லாதவர் செக்ரோலில் எப்படி இருப்பார்? அன்று நமக்கு அது முறையான பதிலாகவே தோன்றிற்று.

பிறகு வெட்கி, பெயரைச் சேர்த்து அனுப்பினோம். அதிலும் ஒரு தடை. பழைய ஏட்டில் அவர் பெயர் ஆங்கில எழுத்தில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருந்தது. ஒரே லட்சுமியை நாலு விதமாய் எழுதிவைத்தவர் நம்மைப் போன்ற கிராணிகளே! இரண்டும் ஒருவரே என்று மெய்ப்பித்துக் கூடை வந்து சேர ஒன்பது நாளாயிற்று. அந்த ஒன்பது நாளும் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது அடுத்த வீட்டார் தம் கூடையிலிருந்து அளந்து கொடுத்த அரிசியால். செக்ரோலில் அவர் பெயர் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது, பசி தெரியும். தாது வருஷத்துக் கணக்கப்பிள்ளையை இன்று நாம் குறை கூறும்போது நம் கை நடுங்குவது இதனாற்றான்.

தோழர்களே! உதவி ஜாபிதா என்பது கச்சேரி இரகசியமன்று. தோட்டமாயினும் பட்டணமாயினும், உங்கள் பெயரால் எழுதப்படும் ஏட்டைக் காட்டும்படி கேளுங்கள். பெரட்டுக் களத்திலோ, படிப்பகத்திலோ, கோயில் வாசலிலோ அதனை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். படித்து முடித்ததும், "இங்கு இல்லாத பெயர் யாருடையது?" என்று ஒருமுறை கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை 1877-இல் ஒவ்வொரு சேரி வாசலிலும் நின்று எவரேனும் கேட்டிருந்தால், பல்லாயிரம் உயிர் பிழைத்திருக்கும். நம்மைப் போல் எழுதுகோல் பிடித்த சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஜாபிதாவை மூடிக் கையொப்பமிடுமுன் லயத்தின் கடைசி வீடு வரை நடந்துவிட்டு வாருங்கள்.