குருதியைத் தொட்ட கரி

இரத்தம் ஒரு விசித்திரமான திரவம். நாளத்துக்குள் இருக்கும் வரையில் தங்குதடையின்றி ஓடுகிறது. அந்நியப் பொருளொன்றைத் தொட்டுவிட்டாலோ கட்டியாகத் திரளத் தொடங்குகிறது. காயம் பட்டவனைக் காப்பாற்றுவது இக்குணமே. ஆயின், பழுதுபட்ட இருதயத்தில் செயற்கை வால்வைப் பொருத்த விழைந்த வைத்தியர்களுக்கு இதே குணம் பெரும் பகையாக நின்றது. வால்வின் மேல் உறைந்த சிறு கட்டி பெயர்ந்து மூளையை அடைந்தால் நோயாளியின் கதி என்னவாகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. இப்பகையைத் தணிக்க உதவிய பொருள்களுள் கரியும் ஒன்று என்றால் பலர் வியப்படையக் கூடும்.

1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் அறுவை வைத்தியரும், லோவல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியியலாளரும் கூண்டுக்குள் பந்து அசையும் வால்வொன்றை வெற்றியுடன் பயன்படுத்தினர். பந்து சிலிக்கோன் ரப்பரால் ஆனது. (நம் தோட்டத்து மரம் தரும் பால் அன்று, இது சிலிக்கனைக் கொண்டு செயற்கையாகச் செய்யப்படுவது.) பல உயிர்களைக் காத்த அவ்வால்வில் ஒரு குறையும் தோன்றியது. சிலரது உடலில் அப்பந்து இரத்தத்திலுள்ள கொழுப்பை உறிஞ்சி உப்பியது, வெடிப்பும் கண்டது.

இக்காலத்தில் விஸ்கான்சினில் ஆராய்ந்து வந்த வின்சென்ட் காட் என்னும் வைத்தியர் வேறு வழியில் சென்றார். பரப்பில் எதிர் மின்னூட்டம் இருந்தால் இரத்தம் உறையாது என்பது அவரது கருத்து. மின்சாரம் பாய்வதற்காகப் பிளாஸ்டிக்கின் மேல் பென்சில் கரியாகிய கிராபைட்டைப் பூசினார். கிருமி நீக்கும் மருந்தொன்றில் அதனைக் கழுவி, உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரினிலும் நனைத்தார். இரத்தம் உறையவில்லை. ஆராய்ந்து பார்த்ததில், காப்பாற்றியது மின்சாரமன்று, கிருமிநாசினியின் துணையால் கிராபைட்டில் ஒட்டிக்கொண்ட ஹெப்பாரின் என்பது தெரிந்தது. 1963இல் இச்செய்தி வெளியாயிற்று. கருதிய காரணம் பிழை. கிட்டிய பயனோ மெய். விஞ்ஞான வரலாற்றில் இவ்வாறு நேர்வது புதிதன்று என்றாலும், தாம் நினைத்தது பிழையென்று தாமே கண்டு சொன்ன காட்டின் நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அச்செய்தி சான் டியேகோவில் ஜாக் போக்ராஸ் என்பவரின் கண்ணில் பட்டது. அவர் வைத்தியரல்லர், அணு உலையின் எரிபொருள் துணிக்கைகளுக்குக் கரிப்பூச்சு இடும் துறையில் இருந்தவர். ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் எரிவாயுவைச் சிதைத்துப் படியவைக்கும் அக்கரி, கடினமும் வழவழப்பும் கொண்டது. காட்டும் போக்ராஸும் கூடிச் சோதித்தபோது, அது இரத்தத்தோடு நன்கு ஒத்துப்போவதைக் கண்டனர். 1968இல் அக்கரி மனித இருதயத்தை அடைந்தது. 1977 அக்டோபரில் மினியாபொலிசில் டாக்டர் நிக்கோலாப் பொருத்திய ஈரிதழ் வால்வின் இதழ்கள் இக்கரியால் ஆனவை.

இதனைக் கொண்டு, "கரிக்கு இரத்தம் பகையன்று" என்று முடிவு கட்டுதல் தவறு. கரி வால்வு பொருத்தியவர்களும் ஆயுள் முழுவதும் உறைதல் தடுக்கும் மருந்தை உட்கொள்ள வேண்டியவர்களே.

உண்மையில் இரத்தம் ஒரு பொருளைத் தொடும்போது என்ன நிகழ்கிறது? இவ்வினாவில் ஆழ்ந்தவர் ஒரு கவிஞர் என்பது தமிழாசிரியர்களுக்கு இனிப்பான செய்தி. 1915இல் ஹாலந்து நாட்டின் கௌடா நகரில் பிறந்த லியோ விரோமன், 1940இல் ஜெர்மானியர் படையெடுத்தபோது இங்கிலாந்துக்குத் தப்பினார். அங்கிருந்து, நமக்கு அண்டையிலுள்ள ஜாவாவை அடைந்து, பத்தேவியாவில் படிப்பை முடித்தார். பின்னர் ஜப்பானியரிடம் பிடிபட்டு, ஜாவாவிலும் ஜப்பானிலும் சிறை முகாம்களில் வாடினார். ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்த காதலியை 1947இல் நியூயார்க்கில் மணந்தார். டச்சு மொழியில் பெரும்புகழ் பெற்ற அக்கவிஞரின் பிழைப்பு இரத்த ஆராய்ச்சி.

இரத்தத்தில் அமிழ்ந்த பரப்பை முதலில் போர்த்துபவை அணுக்களல்ல, புரதங்கள். 1962இலும் அதன் பின்னரும் விரோமன் காட்டியது, அப்போர்வை நிலையானதன்று என்பதே. மிகுதியாய் உள்ள புரதம் முந்தி வந்து அமரும்; பின்னர் வரும், பற்று மிக்க வேறொன்று அதனைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். உறைகட்டியின் இழையாக மாறும் பைபிரினோஜனும் வந்து ஒட்டிச் சிறிது நேரத்தில் இடம் பெயர்கிறது. இம்மாற்றத்திற்கு 'விரோமன் விளைவு' என்றே பெயர். பின்னே வரும் வெள்ளணுவும் இரத்தத் தட்டும் சந்திப்பது கரியையன்று, இப்போர்வையையே.

1991இல் ஜப்பானிய அறிஞர் ஈஜிமா விவரித்த கரிக்குழல்களுக்கும் இது பொருந்தும். ஒற்றைச் சுவர்க் குழலின் தடிமன் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர்; ஒரு சிவப்பணுவின் அகலத்தில் ஏழாயிரம் குழல்களை அடுக்கலாம். ('நானோ' என்பதற்கு 'மீநுண்' என்னும் சொல் எனக்கு உடன்பாடே, 'நுண்' என்று மட்டும் சொன்னால் அளவு குழம்பும்.) மருந்தை ஏற்றிச் செல்லும் வண்டியாக இவை உதவும் என்ற நம்பிக்கை எழுந்தது. ஆனால், 2005இல் ரடோம்ஸ்கி குழுவினர் வெளியிட்ட சோதனையில் இக்குழல்கள் இரத்தத் தட்டுகளைக் கூட்டித் திரட்டின. எலியின் கழுத்து நாடியில் அடைப்பை விரைவுபடுத்தின. பந்து வடிவான அறுபதணுக் கரியோ அவ்வாறு செய்யவில்லை. மூலப்பொருள் ஒன்றே, வடிவம் வேறு, விளைவும் வேறு. 2011இல் சீன ஆராய்ச்சியாளர்கள், இரத்தப் புரதங்கள் குழலைப் போர்த்தியபின் உயிரணுக்களுக்கு அது செய்யும் கேடு குறைகிறது என்று கண்டனர். மீநுண் துகளைச் சூழும் அப்புரதப் போர்வைக்கு 2007 முதல் 'மகுடம்' எனப் பொருள்படும் பெயர் வழங்கி வருகிறது.

விரோமன் 2014இல் டெக்ஸாசில், தம் 98ஆம் வயதில் காலமானார். கரி வால்வு பொருத்தியவர்களில் சிலர், நிசப்தமான இரவில் அதன் இதழ்கள் மூடும் 'டிக்' ஒலி தம் காதிலேயே விழுவதாகச் சொல்வதுண்டு.