ஹருகி முரகாமி: போற்றலும் தூற்றலும்

ஜப்பானில் ஆண்டுக்கு இருமுறை வழங்கப்பெறும் அக்குத்தகாவா பரிசு, 1935-ஆம் ஆண்டில் எழுத்தாளர் கிக்குச்சி கான் அவர்களால் தோற்றுவிக்கப்பட்டது. அதனுடன் பிறந்த மற்றொன்று நவோக்கி பரிசு. முன்னது ‘தூய இலக்கியம்’ எனப்படும் எழுத்துக்கு உரியது. பின்னது மக்கள் விரும்பிப் படிக்கும் எழுத்துக்கு உரியது. இவ்வாறு இலக்கியத்தை இரு கூறாக்கி நடுவே வேலியிட்டிருந்த நாட்டில், வேலியின் எந்தப் பக்கத்திலும் நில்லாத ஒருவர் தோன்றினால் என்ன நேரும்? ஹருகி முரகாமியைப் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

முரகாமி 1949-ஆம் ஆண்டில் கியோத்தோவில் பிறந்தார். கோபே நகரை அடுத்த பகுதியில் வளர்ந்தார். பெற்றோர் இருவருமே ஜப்பானிய இலக்கியம் கற்பித்தவர்கள். மகனோ அமெரிக்கப் புதினங்களிலும் ஜாஸ் இசையிலும் மூழ்கினார். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை வீட்டிலுள்ள நூலை விட்டு வெளியிலுள்ள நூலை நாடுவது எந்த நாட்டிலும் புதிதன்று. வசேடா பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்ற அவர், 1974-இல் மனைவியுடன் சேர்ந்து ஜாஸ் இசை விடுதி ஒன்றைத் தொடங்கினார். பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவில் அடுக்களை மேசையில் அமர்ந்து எழுதிய ‘காற்றின் பாடலைக் கேள்’ என்னும் முதல் நூல், 1979-இல் ‘குன்சோ’ இதழின் புதிய எழுத்தாளர் பரிசைப் பெற்றது.

அந்நூல் பிறந்த முறை மொழி பயில்வோர் கருதத்தக்கது. தொடக்கப் பகுதியை அவர் முதலில் ஆங்கிலத்தில் எழுதினார். அயல்மொழியில் அவருக்கிருந்த சொல்வளம் சிறிது, எனவே வாக்கியங்கள் குறுகின, அலங்காரம் உதிர்ந்தது. பின்னர் அதனைத் தாமே ஜப்பானிய மொழியில் பெயர்த்தபோது, தமக்கென ஒரு நடை வாய்த்ததை உணர்ந்தார். இளைஞர் அந்நடையைத் தங்கள் குரலாகவே கேட்டனர். மூத்தோர் சிலரோ, இது அமெரிக்க எழுத்தின் நிழல் என்றனர். அந்நூலும் அடுத்த நூலும் அக்குத்தகாவா பரிசின் இறுதித் தேர்வு வரை சென்று பரிசின்றித் திரும்பின.

ஜப்பானிய மொழியில் தன்மை ஒருமையைக் குறிக்கப் பல சொற்கள் உண்டு. ‘வத்தாஷி’ என்பது பணிவும் பொதுமையும் வாய்ந்தது. ‘போக்கு’ என்பது ஆடவர் இயல்பாகப் பேசும்போது வழங்குவது. முரகாமியின் கதைசொல்லி பெரும்பாலும் ‘போக்கு’ என்றே தன்னைச் சுட்டுகின்றான். ‘நான்’ என்னும் ஒரே சொல்லையுடைய மொழியில் இந்நயத்தை எவ்வாறு காட்டுவது? தனிசாக்கி பரிசு பெற்ற 1985-ஆம் ஆண்டுப் புதினத்தில் ஓர் இயல் ‘வத்தாஷி’ என்றும், அடுத்த இயல் ‘போக்கு’ என்றும் மாறிமாறி நடக்கும். அதனை ஆங்கிலத்தில் தந்த ஆல்பிரட் பர்ன்பாம், ஒன்றை இறந்தகாலத்திலும் மற்றொன்றை நிகழ்காலத்திலும் அமைத்து அவ்வேறுபாட்டைக் காத்தார். அயல்வாசகர் புகழ்வதும் இகழ்வதும் பல வேளைகளில் இத்தகைய மாற்றுருவையே என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

1987-இல் ‘நார்வீஜியன் வுட்’ வெளிவந்தது. ஒரு பாகம் சிவப்பு அட்டை. மறுபாகம் பச்சை அட்டை. காதலையும் தற்கொலையையும் பற்றிய அந்நூல் பத்து இலட்சக் கணக்கில் விற்றது. ஒரு நூலை இத்தனை பேர் படித்தால் அது இலக்கியமாக இருக்க இயலாது என்னும் பழைய எண்ணம் உடனே தலைதூக்கிற்று. கென்சாபுரோ ஓயே போன்ற பெரியோர், சமுதாயத்தை எதிர்கொள்ளாத எழுத்து என்று குறைகூறினர். போரையும் அணுகுண்டையும் மனத்திற் சுமந்து எழுதிய தலைமுறைக்கு, இசைத்தட்டு கேட்டுக்கொண்டும் இரவு உணவு சமைத்துக்கொண்டும் தனித்திருக்கும் கதைமாந்தர் பொறுப்பற்றவராகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் அத்தனிமைதானே புதிய தலைமுறையின் உண்மை என்று வாசகர் மறுமொழி கூறினர்.

மறுமொழி முரகாமியின் எழுத்திலிருந்தே வந்தது. 1994, 1995-ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த ‘திருகுசாவிப் பறவையின் வரலாறு’, 1939-இல் மங்கோலிய எல்லையில் நடந்த நோமொன்கான் போரின் கொடுமையைத் தொட்டது. அதற்கு யோமியூரி பரிசு வழங்கப்பட்டபோது, நடுவர் குழுவில் இருந்து பாராட்டியவர் அதே ஓயே! கருத்தை மாற்றிக்கொள்ள அஞ்சாத திறனாய்வே திறனாய்வு எனத் தோன்றுகிறது. 1995-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் தோக்கியோ சுரங்க இரயிலில் ஓம் ஷின்ரிக்கியோ கூட்டத்தார் நச்சுவாயுவைப் பரப்பினர். அதில் பாதிக்கப்பட்டோரை நேரிற் கண்டு, அவர்தம் வாய்மொழிகளைத் தொகுத்து 1997-இல் முரகாமி நூலாக்கினார்.

வழக்கு ஜப்பானோடு நிற்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற இலக்கிய உரையாடல் நிகழ்ச்சியில் அவருடைய காதற் புதினம் ஒன்று எடுத்துக்கொள்ளப்பட்டது. மூத்த திறனாய்வாளர் மார்செல் ரைஷ்-ரனிக்கி அதனை வானளாவப் புகழ்ந்தார். சிக்ரித் லோஃப்ளர் அம்மையார் அதனை விரைவு உணவுக்கு ஒப்பிட்டு ஒதுக்கினார். பேச்சு நூலை விட்டு ஆளைச் சுட்டத் தொடங்கிற்று. லோஃப்ளர் நிகழ்ச்சியை விட்டே விலகினார். இதில் விந்தை யாதெனில், இருவர் கையிலும் இருந்தது ஜப்பானிய மூலத்திலிருந்து பெயர்த்த நூலன்று. ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து மீண்டும் ஜெர்மானியத்திற்குப் பெயர்த்த நூல்! நடை கொச்சையா, நயமானதா என்று அவர்கள் போரிட்டது இரண்டு கை மாறிவந்த ஒரு நடையைக் குறித்து. மூலத்திலிருந்து நேரே செய்த ஜெர்மானியப் பெயர்ப்பு 2013-இல்தான் வந்தது.

2017-இல் வெளிவந்த ‘கொமெந்தத்தோரே கொலை’ வேறு வகையான சினத்தைக் கிளறிற்று. 1937-இல் ஜப்பானியப் படை நான்கிங்கில் நிகழ்த்திய படுகொலையை அதில் ஒரு கதைமாந்தர் பேசுகின்றார். கொல்லப்பட்டோர் நான்கு இலட்சமா, ஒரு இலட்சமா என்னும் கணக்கினால் குற்றம் குறைந்துவிடுமா என்னும் பொருள்பட வினவுகின்றார். ஜப்பானின் தீவிர தேசியவாதிகள் கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டில் ஹாங்காங் தீர்ப்பாயமோ, பாலுறவுச் சித்திரிப்பைக் காட்டி அதே நூலை இளையோர்க்கு ஆகாத வகையில் சேர்த்தது. சமுதாயத்தை எதிர்கொள்ளாதவர் என்று ஒருகாலத்தில் பழிக்கப்பட்டவர், இப்போது எதிர்கொண்டதற்காகப் பழிக்கப்பட்டார்.

ஜப்பானியத் தன்மை இல்லை என்ற பழைய குற்றச்சாட்டு இன்று வலுவிழந்துவிட்டது. வலுவுள்ள குற்றச்சாட்டு பெண்மாந்தரைப் பற்றியது. அவர் கதைகளில் பெண்கள் திடீரென மறைகின்றனர். அல்லது நாயகனை வேறோர் உலகிற்கு இட்டுச்செல்லும் வாயிலாக அமைகின்றனர். இவ்வினாவை அவரிடம் நேரிற் கேட்டவர் பகைவர் அல்லர். இளமை முதல் அவரைப் படித்து வளர்ந்த புதின ஆசிரியை மியேக்கோ கவகாமி. அவ்வுரையாடல் 2017-இல் ஜப்பானில் நூலாக வந்தது. தம் கதைமாந்தரின் உள்ளத்தைவிட, அவர்கள் உலகோடு கொள்ளும் தொடர்பிலேயே தம் நாட்டம் செல்கிறது என்பதாக முரகாமி விடை கூறினார். அவ்விடை எல்லாரையும் நிறைவுசெய்யவில்லை. விரும்பிப் படிக்கும் ஒருவரே வினாவும் எழுப்பினார் என்பதுதான் இதில் சிறப்பு. பிளவு இங்கே இரு கூட்டத்தாருக்கு இடையில் இல்லை, ஒரே வாசகரின் உள்ளத்தில் இருக்கிறது.

அக்டோபர் தோறும் தோக்கியோவின் செந்தகாயா பகுதிக் கோயில் ஒன்றில் அன்பர்கள் கூடி நோபெல் அறிவிப்பிற்காகக் காத்திருப்பது வழக்கமாயிற்று. 2017-இல் ஜப்பானில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் கசுவோ இஷிகுரோவின் பெயரும், 2024-இல் கொரியாவின் ஹான் காங்கின் பெயரும் அறிவிக்கப்பட்டன.

1980-இல் ஓர் இதழில் எழுதிய குறும்புதினம் ஒன்று மனநிறைவளிக்காததால், அதனை நூலாக்க முரகாமி இசையவில்லை. மதில் சூழ்ந்த நகரம் ஒன்றைப் பற்றியது அது. அதே நகரம் 1985-ஆம் ஆண்டுப் புதினத்தில் ஒரு பாதியாக வந்தது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில், பெருந்தொற்றுக் காலத்தில் எழுதிய ஒரு பெரும் புதினமாக அது மூன்றாம் முறையும் வந்தது. முதலில் எழுதியபோது அவருக்கு வயது 31, இப்போது 74. சொன்னதையே சொல்கிறார் என்று ஒரு சாரார் சலித்துக்கொண்டனர். மற்றொரு சாரார் மூன்று நூல்களையும் அருகருகே வைத்து, மதில் எங்கெங்கே இடம் மாறியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினர்.