கேரட்டை முதலில் மறுத்தது உங்கள் பிள்ளை இல்லை

"சார், காயே சாப்பிட மாட்றான். சாம்பார் ஊத்துனா காயை எல்லாம் பொறுக்கி ஓரமா வெச்சிட்றான். பசி எடுக்கிற மாதிரி ஒரு டானிக் எழுதிக் குடுங்க."

வாரத்தில் நாலு நாளாவது கிளினிக்கில் நான் கேட்கிற பேச்சு இது. போன வாரம் ஐந்து வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு அம்மாவும் ஆயாவும் வந்தார்கள். ஆயாவுக்கு ஒரே கோபம். "எங்க காலத்துல போட்டதைத் தின்னோம் சார். இப்பத்த பசங்களுக்கு நாக்கு நீளம்" என்றார்.

பையனின் எடையும் உயரமும் வயதுக்குச் சரியாக இருந்தன. ரத்தச்சோகை இல்லை. டானிக் எழுதவில்லை. ஆனால் ஆயா சொன்னது மனதில் நின்றுவிட்டது. போட்டதை எல்லாம் மறுபேச்சில்லாமல் தின்ற ஒரு காலம் நிஜமாகவே இருந்ததா?

கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம், வாங்க.

எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் என்ற பெயரில் ஊர் ஒன்றுக்கு மேல் உண்டு. மரக்காணம் பக்கத்துப் பிரம்மதேசம் ஒன்று. நான் சொல்வது பாடலீஸ்வரர், பிரம்மபுரீஸ்வரர் என இரண்டு சோழர் காலக் கோயில்கள் இருக்கும் பிரம்மதேசம். அதை ஒட்டியே எண்ணாயிரம். அங்கே ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, உணவோடு நடந்த ஒரு கல்விச்சாலையைப் பற்றிச் சொல்கிறது. இளையவர் 270 பேர், மூத்த மாணவர் 70 பேர், ஆசிரியர்கள் 14 பேர். இளையவருக்கு நாளொன்றுக்குத் தலைக்கு 6 நாழி நெல்.

(படித்தவர்கள் வேதம் ஓதும் பிராமணப் பிள்ளைகள் மட்டுமே. அந்த நிலத்தில் உழுதவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பந்தியில் இடமில்லை. ஆயிரம் வருஷத்துப் பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது.)

அந்தப் பிள்ளைகளின் இலையில் என்ன காய் விழுந்திருக்கும்? அக்காலக் கோயில் கல்வெட்டுகளில் கறியமுது, புளிங்கறி, பொரிக்கறி எல்லாம் வருகின்றன. கத்தரி, வாழைக்காய், அவரை, புடலை, பாகல், சுரை, கீரை வகைகள் இருந்தன. ஆனால் இன்று நாம் பிள்ளையின் வாயில் திணிக்கப் போராடும் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், காலிஃபிளவர்? ஒன்றுகூடக் கிடையாது. உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய்கூட அன்று இங்கே இல்லை. இவை மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. 1500க்கு முன் எந்தத் தமிழரும் மிளகாயைக் கடித்துக் கண்ணீர் விட்டதில்லை.

சரி, வந்த உடனே நாம் ஆசையாகச் சாப்பிட்டோமா? அதுதான் இல்லை!

1820களில் ஊட்டியில் ஜான் சல்லிவன் உருளைக்கிழங்கு உள்ளிட்ட சீமைப் பயிர்களைப் போட்டுப் பார்த்தார். 1840களில் அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் வைத்தார்கள். இன்று நாம் மலர்க் கண்காட்சி பார்க்கப் போகும் தாவரவியல் பூங்காவின் தொடக்கக் கதை இதுதான். விளைந்தது அவர்கள் மேசைக்கு. நம் வீட்டில் அதற்குப் பெயர் 'இங்கிலீஷ் காய்'. அந்தப் பெயரிலேயே ஒரு விலகல் இருக்கிறது, கவனித்தீர்களா?

அந்த விலகல் இன்னும் முழுசாகப் போகவில்லை. திவசச் சமையலில் இன்றைக்கும் கேரட், பீன்ஸ், கோஸ், தக்காளி சேர்க்காத வீடுகள் இருக்கின்றன. வாழைக்காய், பாகற்காய், அவரை, சேனை மட்டும்தான். காலமான தாத்தாவுக்குப் புதுக்காய் பிடிக்காது என்று நாமே முடிவு கட்டி வைத்திருக்கிறோம். உயிரோடு இருக்கும் ஐந்து வயதுக்காரன் "எனக்கு வேணாம்" என்றால் மட்டும் அடம்!

மருத்துவத்தில் இதைப் புது உணவு அச்சம் என்கிறோம். சுமார் 2 வயதிலிருந்து 6 வயது வரை இது உச்சத்தில் இருக்கும். தவழ்ந்த பிள்ளை தானாக நடந்து போய்ச் செடி கொடிகளைப் பறித்து வாயில் வைக்கக்கூடிய வயது அது. தெரியாததைத் துப்பிய பிள்ளை பிழைத்திருக்கும். அதிலும் கசப்பு என்பது விஷத்தின் எச்சரிக்கை மணி. ஆக, பாகற்காயைத் துப்புகிற பிள்ளையின் நாக்கில் கோளாறு எதுவும் இல்லை.

அப்புறம் இந்தக் காய்கள் எப்படித்தான் நம் சட்டிக்குள் வந்தன? யாரும் அதட்டி ஊட்டவில்லை. மிளகாயைப் பாருங்கள். நமக்கு ஏற்கெனவே பழகிய மிளகின் பெயரை அதற்கு வைத்தோம், மிளகு இருந்த இடத்தில் போட்டோம். தக்காளி ரசத்துக்குள் புளிக்குத் துணையாக நுழைந்தது. கோஸுக்குப் பாசிப்பருப்புக் கூட்டு, கேரட்டுக்குத் தேங்காய்ப்பூ தூவிய பொரியல். பழகிய ருசிக்குள் கொஞ்சம் புதுசு.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு இன்னும் நல்ல சாட்சி மல்லாட்டை. வேர்க்கடலைதான். மணிலாக்கொட்டை என்ற பெயர் எங்கள் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். இன்று டிஎம்வி என்று பெயர் தொடங்கும் கடலை ரகங்களில் அந்த டிஎம்வி என்பதே திண்டிவனம்தான்! வேகவைத்த மல்லாட்டையை வேண்டாம் என்ற பிள்ளையை நான் இந்தப் பக்கம் பார்த்ததே இல்லை.

ஒரு ஊருக்குப் பல தலைமுறை பிடித்த வேலை, ஒரு பிள்ளைக்குச் சில மாதங்களில் முடியும். ஒரே காயைப் பத்து, பதினைந்து முறை சின்னச் சின்ன அளவில் ருசி பார்த்த பிறகுதான் பல குழந்தைகள் ஏற்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் வீடுகளில் மூன்றாவது தடவையே "இவனுக்கு இது பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். இன்னொன்று, இது வயிற்றிலேயே தொடங்குகிறது. 2001ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேரட் சாறு குடித்த தாய்மாரின் பிள்ளைகள், பிற்பாடு கேரட் சுவையுள்ள கஞ்சியை அவ்வளவாக முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள்.

காய் தின்னாவிட்டால்தான் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அன்றைய திருச்சி மாவட்டத்தில் 15,000க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 1990ல் வெளியானது. வாரம் ஒரு சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைவு. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண், முற்றினால் பார்வையே போகும், சாதாரணத் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் ஆளைச் சாய்க்கும். உடல் அந்தச் சத்தாக மாற்றிக்கொள்ளும் பொருள் முருங்கைக்கீரையில் ஏராளம். ஆனால் சின்னப் பிள்ளைக்குக் கீரை கொடுத்தால் மாந்தம் வரும் என்று ஒதுக்கும் வீடுகளை இன்றும் பார்க்கிறேன். நன்றாக வேகவைத்து மசித்துப் பருப்போடு கொடுத்தால் ஒன்றும் ஆகாது.

எண்ணாயிரத்தில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்குப் பந்தி போட 20ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. 1920ல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. 1956ல் காமராஜர், 1982 ஜூலை 1 எம்.ஜி.ஆர். சத்துணவு. 2022 செப்டம்பரில் காலை உணவு. இவற்றின் அரசியல் கணக்கு எனக்குத் தேவையில்லை. எனக்குப் பிடித்தது அந்த வரிசை. சக பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்துச் சாப்பிடுவது போல வலுவான டானிக்கை எந்தக் கம்பெனியும் இதுவரை தயாரிக்கவில்லை.

ஒரு குறை மட்டும் உண்டு. ராஜேந்திரன் காலத்தில் நெல்லை நாழியால் அளந்தது போல, இன்றும் கிடங்கிலிருந்து அளந்து வருவது அரிசியும் பருப்பும்தான். மத்திய அரசின் விதிப்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் காய். அதைத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் சில்லறைக் காசில் சந்தையில் வாங்க வேண்டும். தக்காளி விலை ஏறும் மாதத்தில் சாம்பாரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கிளினிக்குக்குத் திரும்புவோம். பையனிடம் கேட்டேன், "ஸ்கூல்ல காலையில என்ன சாப்ட்ட?"

"கிச்சடி."

"அதுல ஆரஞ்சு கலர்ல ஒண்ணு இருக்குமே?"

"கேரட்டு. அதுவும் சாப்ட்டேன். சரவணனும் சாப்ட்டான்."

அம்மாவுக்கு வாயடைத்துப் போயிற்று. எடை குறைந்துகொண்டே வந்தாலோ, நாலைந்து பண்டங்களைத் தவிர வேறெதையும் தொடாவிட்டாலோ, இருட்டினால் தடுமாறினாலோ உடனே கூட்டி வாருங்கள், மற்றபடி மிரட்டாமல், லஞ்சம் கொடுக்காமல், நீங்கள் சாப்பிடுவதை அவன் பார்க்கும்படி சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஆயா பக்கம் திரும்பினேன்.

"ஆயா, நீங்க கோஸ் சாப்பிடுவீங்களா?"

"அய்ய, அந்த நாத்தத்தை யாரு தின்றது?" என்றார்.

பையன் ஆயாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.