ஆசிரியரும் அமானிதமும்: நூலுரிமை வரலாற்றில் சில பக்கங்கள்

தென்சென்னையின் புறநகர்ப் பகுதி கல்விக் கூடங்களால் வளர்ந்த நிலப்பரப்பாகும். 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. 1984இல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரி தோன்றியது. பல்லாவரம் முதல் வண்டலூர் வரை பெருஞ்சாலையின் இருமருங்கிலும் இன்று பள்ளிகள் நிறைந்துள்ளன. பள்ளிகள் பெருகிய இடங்களிலெல்லாம் ஜெராக்ஸ் கடைகளும் பெருகின.

இவ்வட்டாரப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்களிடையே உரையாடும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டிற்று. பிறருடைய நூலை வகுப்பிற்காக நகலெடுக்கலாமா என்ற வினா எழுந்தபோது மூவகை விடைகள் வந்தன. கல்விக்காக எதையும் நகலெடுக்கலாம் என்றனர் சிலர். ஒரு பக்கத்தை எடுத்தாலும் குற்றமே என அஞ்சினர் வேறு சிலர். நூலாசிரியரின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டால் போதும் என்பது மற்றவர்களின் கருத்து. மூன்றிலும் உண்மையின் ஒரு கூறு உண்டு, மூன்றும் முழுமையற்றவை. இதனை விளங்கிக்கொள்ள வரலாற்றைச் சற்றே புரட்டுதல் வேண்டும்.

அச்சு இல்லாத காலத்தில் நூலைப் படியெடுத்தல் அறிவுத் தொண்டாகவே கருதப்பட்டது. ஆசிரியர் ஓத, மாணவர் செவியுற்று எழுதி, பின்னர் மூலத்துடன் ஒப்பிட்டு, ‘இஜாஸா’ எனும் அனுமதியைப் பெறுவர். அந்த அனுமதியில் விலை பற்றிய பேச்சு இல்லை. யாரிடமிருந்து யார் பெற்றார் என்ற தொடரே அதன் உயிர். ஆகவே நம் முன்னோர் படியெடுப்பதைத் தடுக்கவில்லை. ஆனால், பெற்ற இடத்தை மறைப்பதை அவர்கள் பொறுத்துக்கொள்ளவுமில்லை.

இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ஹிஜ்ரி 911 / கி.பி. 1505) நூலாசிரியருக்கும் திருடருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்கித் தனி நூலே இயற்றினார். ஸஹீஹுல் புகாரியின் விரிவுரையாளரான இமாம் கஸ்தல்லானி (ஹிஜ்ரி 923 / கி.பி. 1517) தம் நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டு அதனைக் குறிப்பிடவில்லை என்று அவர் முறையிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வழக்கு ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல்அன்ஸாரியின் முன்னிலைக்குச் சென்றது. “இவர் பைஹகீயை மேற்கோள் காட்டுகிறார். பைஹகீயின் எந்த நூலில் அது உள்ளது எனக் கூறட்டும்” என்றார் ஸுயூத்தி. கஸ்தல்லானியால் கூற இயலவில்லை. “பைஹகீயிடமிருந்து ஸுயூத்தி எடுத்துரைத்தார் என எழுதியிருக்க வேண்டும்” என்பதே ஸுயூத்தியின் வாதம். பின்னாளில் கஸ்தல்லானி, ஸுயூத்தியின் மனத்தாங்கலைப் போக்க எண்ணிக் கெய்ரோவிலிருந்து ரவ்ளா வரை வெறுங்காலுடனும் திறந்த தலையுடனும் நடந்து சென்று கதவைத் தட்டினார். தம் உள்ளம் தெளிந்துவிட்டது என ஸுயூத்தி உள்ளிருந்தே விடையளித்தார், கதவைத் திறக்கவில்லை. (இருவர் மீதும் அல்லாஹ் அருள்புரிவானாக.)

இங்கே பணஇழப்புப் பற்றி எவரும் பேசவில்லை என்பது கவனிக்கத்தக்கது. முறையீடு முழுவதும் அமானிதத்தைப் பற்றியதே.

அச்சு வந்தபின் நிலை மாறிற்று. உமறுப் புலவரின் சீறாப்புராணம் நெடுங்காலம் ஏட்டில் வழங்கி, 1842இல் காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் அவர்களால் பதிப்பிக்கப்பட்டது. ஏட்டைப் படியெடுப்பவர் தம் உழைப்பை மட்டுமே செலவிட்டார். அச்சிடுபவரோ தாளிலும் மையிலும் முதலீடு செய்யவேண்டியவரானார். அந்த முதலீட்டைக் காக்கவே சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1710இல் முதற்சட்டம் நடைமுறைக்கு வந்தது. கும்பெனி ஆட்சியில் 1847ஆம் ஆண்டின் 20ஆவது சட்டமும், பின்னர் 1914ஆம் ஆண்டுச் சட்டமும், விடுதலைக்குப் பின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இந்நாட்டில் இயற்றப்பட்டன. இன்று நூலாசிரியரின் வாழ்நாளும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கிறது.

இப்புதிய உரிமையை மார்க்க அறிஞர்கள் உடனே ஏற்றுவிடவில்லை. ஹனஃபீ சட்டவியலில் கைக்கொள்ளத்தக்க பொருளே ‘மால்’ எனப்படும். வெறும் உரிமையை விற்க இடமில்லை. மவ்லானா ரஷீத் அஹ்மத் கங்கோஹி, முஃப்தி முஹம்மது ஷஃபீ ஆகியோரின் நிலைப்பாடு இதுவே. ஷஃபீ அவர்களின் மகனார் முஃப்தி தகீ உஸ்மானீயோ, வணிக வழக்கில் மதிப்புப் பெற்றுவிட்ட இவ்வுரிமையை ஏற்கலாம் என வாதிட்டார். பயனையும் மாலாகக் கொள்ளும் ஷாஃபிஈ மரபில் இந்த ஏற்புக்கு வழி எளிது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, நூலாக்க உரிமை ஷரீஅத்தால் காக்கப்படுவதென்றும் அதனை மீறுதல் ஆகாதென்றும் தீர்மானித்தது.

ஆசிரியருக்கு நம் நாட்டுச் சட்டம் என்ன இடம் தருகிறது? 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பாடம் கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ படைப்பைப் படியெடுப்பதையும், தேர்வு வினாவிலும் விடையிலும் அதனைச் சேர்ப்பதையும் உரிமைமீறலாகக் கொள்வதில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் நடிக்கும் பள்ளி நாடகத்திற்கும், காண்போர் பெற்றோர் முதலிய பள்ளித் தொடர்புடையோர் மட்டுமே எனில், விலக்கு உண்டு. பாடத்தொகுப்பு வெளியிடுவோருக்கு மட்டும் கட்டுப்பாடு கடுமையானது: ஒரே வெளியீட்டாளர் ஐந்தாண்டுக் காலத்தில் ஒரே ஆசிரியரின் படைப்புகளிலிருந்து இரு சிறு பகுதிகளுக்கு மேல் எடுத்தல் கூடாது.

இவ்விதியின் எல்லை தில்லியில் சோதிக்கப்பட்டது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ராமேஷ்வரி நகலகம் பாடப்பகுதிகளைத் தொகுத்து விற்றதை எதிர்த்து, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் தனிநீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை தெய்வீகமானதோ இயற்கையானதோ அல்ல என்பது அவர் கருத்து. அவ்வாண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தல் என்பது வகுப்பறைச் சொற்பொழிவோடு முடிவதன்று எனவும், கற்பித்தல் நோக்கத்திற்குத் தேவையான அளவே நியாயத்தின் அளவுகோல் எனவும் கூறியது. முழு நூல்களை நகலெடுத்தது சரியா என்பதை விசாரித்தறியுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றன. எனவே முழுநூல் பற்றிய வினா விடையின்றியே நின்றது.

இப்போது அம்மூன்று விடைகளுக்குத் திரும்புவோம். அஞ்சியவர்களின் அச்சம் தேவையற்றது. பாடத்திற்குரிய பகுதியை ஆசிரியர் தயக்கமின்றி நகலெடுக்கலாம். எதையும் எடுக்கலாம் என்றவர்கள் ‘நோக்கத்திற்குத் தேவையான அளவு’ என்பதை மறந்தனர். பெயரிட்டால் போதும் என்றவர்கள் இருவேறு கடன்களை ஒன்றாக்கினர். பெயரைக் கூறுதல் அறிவின் அமானிதம். உரிய பயனைத் தருதல் உழைப்பின் கடன். ஒன்றை நிறைவேற்றுவதால் மற்றொன்று தீர்ந்துவிடாது.

நானும் குற்றமற்றவன் அல்லேன். மாணவப் பருவத்தில், கடைகளில் கிடைக்காத பெய்ரூத் பதிப்பொன்றை முதலட்டை முதல் கடையட்டை வரை நகலெடுத்தவன்தான். அதன் கனம் எனக்குப் புரிந்தது பிற்காலத்தில். என் மாணவர் ஒருவர் ஈராண்டு உழைத்து அரபு இலக்கண வழிகாட்டி ஒன்றை எழுதி, கடன் வாங்கி அச்சிட்டார். ஒரு கல்விநிலையம் ஒரே ஒரு பிரதியை வாங்கி, ஆசிரியர் பெயருள்ள பக்கத்தை நீக்கிவிட்டு, எல்லா மாணவருக்கும் நகலெடுத்து வழங்கியது. அச்சிட்ட பிரதிகள் அவர் வீட்டுப் பரணில் தேங்கின. இரு கடன்களும் ஒருசேர மறுக்கப்பட்டன. அவர் அதற்குப்பின் எழுதவில்லை.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றுப் பின்னர் பொதுவுடைமையாக்கியது. அதன் வழியில் அறிஞர் பலரின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கி, மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை வழங்கிவருகிறது. நூல் எல்லோரையும் அடைகிறது. எழுதியவர் குடும்பமும் கைவிடப்படவில்லை. நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் பாடநூல் எழுதும் ஆலிம்களுக்கு இவ்வழியைக் கையாளலாம். ஊதியம் தந்து எழுதச்செய்து, பின்னர் நூலை வக்ஃபு போலப் பொதுவாக்கிவிடலாம்.

அதுவரை ஆசிரியர்கள் செய்யக்கூடியவை எளியவை. வேண்டிய பகுதியை மட்டும் எடுக்கட்டும். நகலின் தலைப்பில் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் இடம்பெறட்டும். கடையில் கிடைக்கும் நூல் முழுவதும் தேவைப்படின், பள்ளி நூலகம் சில பிரதிகளை வாங்கட்டும். ஸுயூத்தியின் மூடிய கதவின் முன் நிற்கும் நிலை நமக்கு வேண்டாம்.