வந்து போவோரும் வாழ்வோரும்: நுனாவுட்டில் தற்காலிகப் பணி

1. பொருளும் எல்லையும்

வடதுருவப் பகுதிக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். குளிர், இருள், தனிமை, வீட்டு நினைப்பு எல்லாம் அந்த எழுத்தில் விரிவாக வருகின்றன. அந்தத் துன்பம் மெய்யானது; அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர்கள் போய் இறங்கிய ஊரிலேயே பிறந்து, அங்கேயே இருக்கிறவர்கள் மீது இந்த வரவும் போக்கும் என்ன சுமையை ஏற்றுகிறது என்ற கேள்வி குறைவாகவே எழுப்பப்படுகிறது. கனடாவின் நுனாவுட் ஆட்சிப்பகுதியைச் சான்றாகக் கொண்டு, செவிலியர் பணியை மையமாக வைத்து, அக்கேள்வியை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நிலமும் ஊர்களும்

நுனாவுட் 1999 ஏப்ரல் 1 அன்று தனி ஆட்சிப்பகுதியானது. பரப்பு ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 36,858; அதில் நூற்றுக்கு 85 பேர் அளவில் இனுயிட் மக்கள். ஊர்கள் 25. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது, தெற்குக் கனடாவுக்கும் கிடையாது. ஆண்டு முழுதும் விமானம். கடற்பனி விலகும் கோடை மாதங்களில் மட்டும் சரக்குக் கப்பல். நிலம் உறைந்தே கிடப்பதால் பெரும்பாலான ஊர்களில் குழாய் புதைக்க வழியில்லை. குடிநீர் லாரியில் வந்து வீட்டுத் தொட்டியை நிரப்புகிறது, கழிவுநீரும் லாரியிலேயே போகிறது. புயல் வீசும் நாளில் லாரி வராது; இருக்கிற தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டியதுதான். வடகோடியிலுள்ள கிரீஸ் ஃபியோர்டில் குளிர்காலத்தில் ஏறத்தாழ மூன்று மாதம் சூரியன் தலைகாட்டாது.

முழு அளவிலான மருத்துவமனை தலைநகர் இக்காலுயிட்டில்தான் உண்டு. சிற்றூர்களில் சுகாதார நிலையங்கள். அவற்றை நடத்துவோர் செவிலியரே. மருத்துவர் அவ்வப்போது விமானத்தில் வந்து பார்த்துவிட்டுப் போவார். நோய் கைமீறினால் நோயாளியை விமானத்தில் ஏற்றி, வட்டாரத்தைப் பொறுத்து இக்காலுயிட்டுக்கோ ஆட்டவாவுக்கோ வின்னிபெக்குக்கோ யெல்லோநைஃபுக்கோ அனுப்புவார்கள். செவிலியரில் மிகப் பெரும்பாலோர் தெற்கிலிருந்து வருபவர்கள். பலருடைய ஒப்பந்தம் சில வாரங்களில் முடிந்துவிடும்.

3. வந்து போனவர்களின் வரலாறு

திமிங்கில வேட்டைக்காரர், ஹட்சன் பே நிறுவனத்தின் வணிகர், பாதிரியார், காவலர் என்று வெளியிலிருந்து வந்தோரின் வரிசை நீளமானது. இக்காலுயிட்டே 1942இல் அமெரிக்க விமானத்தளமாகத் தொடங்கி வளர்ந்த ஊர். 1950களின் நடுவில் ரேடார் நிலையங்களைக் கட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்திறங்கினர், வேலை முடிந்ததும் போய்விட்டனர்.

இவற்றுள் மருத்துவத்தோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியில் நின்று பார்க்க வேண்டும். 1950 முதல் சி. டி. ஹோவ் என்ற அரசுக் கப்பல் கோடைதோறும் கிழக்கு ஆர்க்டிக் ஊர்களைச் சுற்றி வந்தது. கப்பலிலேயே எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோய் என்று தெரிந்தவரைக் கரைக்குத் திரும்ப விடாமல் தெற்கே கொண்டுபோனார்கள். கணவனிடமும் பிள்ளைகளிடமும் விடைபெறக்கூட நேரம் தராமல் தாய்மாரைக் கொண்டுபோன கதைகள் பல குடும்பங்களில் இருக்கின்றன. 1950களின் நடுவில் இனுயிட் மக்களில் ஏழில் ஒருவர் தெற்கின் காசநோய் மருத்துவமனைகளில் இருந்தார். இறந்தோர் பலர் எங்கே அடக்கம் செய்யப்பட்டனர் என்பதே உறவினருக்குச் சொல்லப்படவில்லை. 2019 மார்ச் 8 அன்று அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ இக்காலுயிட்டில் இதற்காக மன்னிப்புக் கேட்டார்.

இன்று சுகாதார நிலையத்துக்கு வரும் முதியவர் சிலர் அந்தக் கப்பலைத் தம் கண்ணால் பார்த்தவர்கள். புதிய செவிலியரிடம் அவர்கள் காட்டும் தயக்கத்தை அறியாமை என்று எழுதுவது அநியாயம்.

4. ஒப்பந்தத்தின் காலமும் நோயின் காலமும்

காசநோய் இன்னும் ஒழியவில்லை. நுனாவுட்டின் பாங்னிர்துங் ஊரில் 2021 நவம்பரில் காசநோய்ப் பரவல் அறிவிக்கப்பட்டது. இனுயிட் தாயகத்தில் 2030க்குள் இந்நோயை ஒழிப்பதாகக் கனடா அரசு 2018இல் வாக்களித்தது. காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காமல் போகக்கூடும். செவிலியர் ஆறு வாரத்துக்கு ஒருவர் என மாறினால், ஆறு மாதச் சிகிச்சையில் ஒரே நோயாளி நான்கைந்து முகங்களைப் பார்க்கிறார். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து தன் கதையைச் சொல்கிறார். நீரிழிவுக்கும் மனநோய்க்கும் இது பொருந்தும். மனநோய்க்கு மிகுதியாகவே பொருந்தும்.

சுகாதார நிலைய அறையில் நடப்பதைச் சற்று அருகிலிருந்து காண்போம். “மார்பு வலிக்கிறதா?” என்று செவிலியர் கேட்கிறார். எதிரே அமர்ந்திருக்கும் மூதாட்டி புருவத்தை லேசாக உயர்த்துகிறார். ஆம் என்பதற்கு இனுயிட் வழக்கத்தில் அதுவே போதும். இல்லை என்றால் மூக்கைச் சுருக்குவார்கள். வந்து மூன்றே நாளான செவிலியரின் கண் கணினித் திரையில் இருக்கிறது. பதில் வந்துவிட்டதை அறியாமல் அவர் கேள்வியை உரத்த குரலில் மறுபடி கேட்கிறார். மூதாட்டி இதை அதட்டலாக எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார். பதிவேட்டில் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று ஏறுகிறது. அடுத்து வரும் செவிலியர் படிப்பது அந்த வரியைத்தான். உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் அருகிலிருந்தால் இது நேராது. அந்த நிலையத்தில் ஆண்டுக்கணக்காக இருக்கிற ஒரே ஆள் பெரும்பாலும் அவர்தான். ஊரின் நோய் வரலாறு அவர் நினைவில்தான் தொடர்ச்சியாக இருக்கிறது.

பேறுகாலம் இன்னொரு சான்று. சிற்றூர்க் கர்ப்பிணிகளைப் பேற்றுக்குச் சில வாரங்கள் முன்பே பெரிய ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். மூத்த குழந்தைகள் வீட்டில் காத்திருக்க, தாய் தெரியாத ஊரில் விடுதி அறையில் நாளை எண்ணுகிறாள்.

5. வீடு

தெற்கிலிருந்து வருபவருக்கு வேலையோடு வீடும் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் யாரும் வரமாட்டார்கள். நுனாவுட் இனுயிட் மக்களிலோ பாதிக்கு மேற்பட்டோர் நெருக்கடியான வீடுகளில் வாழ்கிறார்கள். ஒப்பந்தங்களுக்கு இடையே பணியாளர் வீடு பூட்டிக் கிடக்கும்போது, பக்கத்து வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் முறைவைத்துத் தூங்குகிறார்கள். வந்தவர் மீது இதில் குற்றமில்லை. ஆனாலும் ஊர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

6. சுவால்பார்டு: ஓர் ஒப்பீடு

நார்வேயின் சுவால்பார்டு தீவுகளில் பூர்வகுடிகள் இல்லை. அங்குள்ள முதன்மை ஊரான லாங்யர்பியனில் வாழும் ஏறத்தாழ 2,500 பேரும் வந்து போகிறவர்களே. அங்கே முதியோர் இல்லம் கிடையாது. கர்ப்பிணிகள் பேற்றுக்கு நார்வே நிலப்பகுதிக்குப் போகிறார்கள். நிலையாமை அங்கே அனைவருக்கும் பொது. நுனாவுட்டில் அப்படியில்லை: ஒரு தரப்பு பயணச்சீட்டோடு வருகிறது, மறுதரப்பு தன் மண்ணில் இருக்கிறது. இரண்டு இடங்களையும் ‘ஆர்க்டிக் அனுபவம்’ என்ற ஒரே தலைப்பில் அடக்கும் எழுத்து இவ்வேறுபாட்டைத் தவறவிடுகிறது.

7. உள்ளூர்க் கைகள்

இனுயிட் மக்களும் கனடா அரசும் செய்துகொண்ட 1993ஆம் ஆண்டின் நுனாவுட் ஒப்பந்தம் தன் 23ஆம் பிரிவில், அரசுப் பணிகளில் இனுயிட் மக்களின் பங்கு அவர்களது மக்கள்தொகை விகிதத்துக்கு ஈடாக வேண்டும் என்கிறது. நடப்பில் அது பாதியளவிலேயே நிற்கிறது. செவிலியர், ஆசிரியர், நிர்வாகி போன்ற பதவிகளில் பின்தங்கல் மிகுதி. இந்த ஒப்பந்தத்தின் நடைமுறை குறித்து 2006இல் தாமஸ் பெர்கர் அளித்த அறிக்கை காரணத்தைப் பள்ளியில் கண்டது. தொடக்க வகுப்புகளில் இனுக்டிடுட் மொழியில் படிக்கும் பிள்ளை, பிறகு திடீரென ஆங்கிலத்துக்கு மாற்றப்படுகிறது. இரண்டிலும் காலூன்ற முடியாமல் பாதியில் நின்றுவிடுகிறது. அதே ஆண்டு இனுயிட் அமைப்பான நுனாவுட் துங்காவிக், ஒப்பந்தம் மீறப்பட்டதாகக் கனடா அரசு மீது வழக்குத் தொடுத்தது. 2015இல் 25.55 கோடி கனடிய டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. பெரும்பகுதி தொழிற்பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது.

உள்ளூர்ப் பயிற்சி பலிக்குமா என்று ஐயப்படுவோர் கியூபெக்கின் வடபகுதியான நுனாவிக்கைப் பார்க்கலாம். 1986இல் புவிர்னிதுக் ஊரில் பெண்கள் கேட்டுப் போராடி மகப்பேறு நிலையம் ஒன்றைப் பெற்றார்கள். அங்கே இனுயிட் மருத்துவச்சிகள் பணியோடு பணியாகப் பயிற்சி பெற்றார்கள். பிறகு இனுக்ஜுவாக், சலுயிட் ஊர்களுக்கும் அது பரவியது. அறுவைச் சிகிச்சை வசதி இல்லாத கரையோர ஊர்களிலேயே பெரும்பாலான பேறுகள் பாதுகாப்பாக நடக்கின்றன.

வடக்கே போக நினைக்கும் செவிலியரும் ஆசிரியரும் போகத்தான் வேண்டும். இன்று அவர்கள் இல்லாமல் அந்த ஊர்கள் இயங்கா. ஆனால் ஒருவர் ஒரே ஊருக்கே திரும்பத் திரும்ப வரும்படி பணி ஒப்பந்தம் அமைய வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்குச் சிகிச்சைக் குழுவில் இடமும் அதற்கேற்ற ஊதியமும் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னே பள்ளி சீராக வேண்டும். நுனாவுட்டின் 2008ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், எல்லா வகுப்புகளிலும் இருமொழிக் கல்வி வருவதற்கு 2019 வரை தவணை கொடுத்தது. 2020இல் நிறைவேறிய திருத்தம் அந்தத் தவணையை 2039க்குத் தள்ளியது. 2020இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைக்கு அப்போது வயது 25 ஆகியிருக்கும்.