கருவிழிச் சிராய்ப்பு

கருவிழிச் சிராய்ப்பு என்பது கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் தெளிந்த படலத்தின் மேல்தோல் உரிந்துபோவது. அந்தப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதில் மேல்தோல் பத்தில் ஒரு பங்குதான். நரம்பு நுனிகள் அங்கே மிக நெருக்கமாக இருப்பதால், சிறு கீறலுக்கும் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், நீர் வடியும், வெளிச்சம் கூசும். வலியை வைத்துக் காயத்தின் அளவைச் சொல்லிவிட முடியாது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இதற்கான காரணங்கள் தொழிலோடு ஒட்டியவை. மோகனூர், பரமத்திவேலூர்ப் பக்கம் கரும்பு வெட்டும்போது சோகை கண்ணில் அடிக்கும். அதன் ஓரம் அரம்போல் இருக்கும். மானாவாரிக் காட்டில் சோளத்தட்டு அறுக்கும்போதும் இதேதான். கதிரடிக்கும்போது நெல்லின் சுனையும் உமியும் விழும். பால் கறக்கையில் மாட்டின் வால் வீசும். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில் கிரைண்டர் இரும்புத் துகளைத் தெறிக்கவிடும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் வேலை செய்வோருக்குப் பாறைத் தூசி. வீட்டிலோ பெரும்பாலும் கைக்குழந்தையின் நகம்தான்.

மேல்தோல் தானாகவே வளர்ந்து மூடிக்கொள்ளும். சிறு சிராய்ப்பு ஒன்றிரண்டு நாளிலும், சற்றுப் பெரியது மூன்று நான்கு நாளிலும் தழும்பின்றி ஆறிவிடும். ஆபத்து கீறலில் இல்லை, அதன் வழியே நுழையும் கிருமியில் இருக்கிறது. இலை, தட்டு, மண் பட்ட காயத்தில் பாக்டீரியாவோடு பூஞ்சையும் புகுந்து கருவிழிப் புண்ணாக மாறலாம். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்று பார்வையை மறைக்கும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1994இன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் முன்பே கண்ணில் அடிபட்டவர்கள்.

கீறலுக்கும் புண்ணுக்கும் இடையில் கிடைக்கும் நேரம் குறைவு. நேபாளத்தின் பக்தபூரில் கிராமப் பணியாளர்கள் 442 சிராய்ப்புகளுக்கு குளோரம்ஃபெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று வேளையாக மூன்று நாள் போட்டார்கள். 96 விழுக்காடு புண்ணாகாமல் ஆறின. 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை; ஒரு நாள் கடத்தி வந்தவர்களில் பலருக்கு வந்தது. 2001இல் இது வெளியானபின், மதுரை மருத்துவர்கள் தமிழகக் கிராமங்களில் 374 சிராய்ப்புகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு அதே களிம்போடு பூஞ்சைக்கான க்ளோட்ரிமசோலையும் சேர்த்துப் போட்டார்கள். 2006இல் வந்த முடிவு சற்று எதிர்பாராதது: பூஞ்சை மருந்து இல்லாத பிரிவிலும் கண்கள் புண்ணாகாமல் ஆறியிருந்தன. ஆனால் இரண்டு ஆய்வுகளிலும் மருந்தே போடாத ஒப்பீட்டுப் பிரிவு கிடையாது. பின்னர் நேபாளத்தில் நடந்த பெரிய ஆய்வொன்றில் இத்தகைய ஏற்பாட்டால் ஊரளவில் புண்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. தனி ஒருவர் சீக்கிரம் சிகிச்சைக்குப் போவதன் பயனை அது மறுக்கவில்லை.

கண்ணில் ஏதாவது விழுந்தால் கசக்கக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான குடிநீரைக் கண்ணில் மெல்ல ஊற்றி, இமைகளைக் கொட்டினால் தூசி பெரும்பாலும் வந்துவிடும். ஒட்டிக்கொண்டிருப்பதைத் துண்டு நுனியாலோ ஊசியாலோ எடுக்க முயலக் கூடாது. நாவால் தடவி எடுப்பது, தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் ஊற்றுவது, இலைச்சாறு பிழிவது ஆகியவை திறந்த காயத்துக்குள் கிருமியைக் கொண்டுபோய் விடும் வழிகள். பழைய பாட்டிலில் மிஞ்சிய சொட்டு மருந்து இவற்றினும் மோசம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு வடியும், வலி குறைந்ததுபோல் தோன்றும், பூஞ்சை மட்டும் உள்ளே வளரும்.

மருத்துவமனையில் ஃபுளோரசின் சாயம் தடவி நீல ஒளியில் பார்ப்பார்கள். தோல் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். மேலிமையைப் புரட்டி, உள்ளே துகள் ஒளிந்திருக்கிறதா என்றும் தேடுவார்கள். பிறகு நோய்க்கிருமிக்கான களிம்போ சொட்டோ, வலிக்கு மாத்திரை. கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு பரிசோதனைக்கு மட்டுமே. வீட்டில் தொடர்ந்து விட்டால் காயம் ஆறாது. சிறு சிராய்ப்புக்குக் கண்ணைக் கட்டிவைப்பதால் விரைவில் ஆறுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், அந்தப் பழக்கம் குறைந்துவருகிறது.

சுத்தியலோ கிரைண்டரோ தெறிக்கவிட்ட துகள் கண்ணைத் துளைத்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் கழுவவும் அழுத்தவும் கூடாது. காகிதக் கோப்பையைக் கண்மேல் படாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும். சுண்ணாம்பு பட்டால் நேர்மாறு: முதலில் அரை மணி நேரமாவது கழுவியபடி இருந்து, பிறகே மருத்துவமனைக்கு. பார்வை மங்குதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, சீழ், ஒரு நாளிலும் குறையாத வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை உண்டு.

தடுப்புக்கு, பக்கவாட்டிலும் மறைக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி போதும். வியர்வையில் மங்குகிறது என்று அதை நெற்றிக்கு ஏற்றிவிடுவதுதான் பட்டறையிலும் காட்டிலும் நடப்பது. காற்றுத்துளை உள்ளதாக வாங்கினால் அந்தத் தொல்லை குறையும். வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டுக் கசடு தட்டும் நேரத்துக்கும் அதே கண்ணாடி வேண்டும்.

நகம், காகித ஓரம், இலை ஆகியவற்றால் ஏற்பட்ட சிராய்ப்பு ஆறிச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, விடியற்காலையில் கண் திறக்கும்போது திடீரென்று மீண்டும் வலிக்கலாம். புதிய தோல் அடியில் சரியாக ஒட்டாமல், இமையோடு சேர்ந்து உரிவதே காரணம். இரவில் மசகுக் களிம்பு போட்டுக்கொண்டு சில மாதங்கள் தொடர்ந்தால் பெரும்பாலோருக்கு இது நின்றுவிடும்.