கல்லுக்குக் காசில்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் நகை இருக்கிறவர்கள், இல்லாதவர்கள் எல்லோரும் பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் ஊர் சாச்சி ஒருவர் வீட்டுக்கு வந்தார். மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். அறை வாடகை, சாமான், முதல் மாதச் செலவு எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். சாச்சியிடம் இருந்தது கட்டாரில் வேலை செய்யும் மகன் வாங்கிக் கொடுத்த ஒரு வைர மோதிரம். வட்டி கட்ட விருப்பமில்லாததால் அடைவு வைக்க மாட்டேன், விற்கத்தான் போகிறேன் என்று வவுனியா டவுனுக்குக் கொண்டு போயிருக்கிறார்.

"முதல் கடையில கல்லுக்குக் காசில்லை எண்டிட்டாங்க மகள். பவுணுக்கு மட்டும்தானாம். அதிலயும் கல்லுக்கெண்டு ஒரு கிராம் கழிச்சாங்க. வாங்கின விலையில மூண்டில ஒண்டு கூட வரல்ல. நீங்க படிச்ச ஆள், இது நியாயமா?"

பற்றுச்சீட்டை வாங்கிப் பார்த்தேன். மோதிரத்தின் மொத்த எடை 4.2 கிராம். கற்களின் மொத்த எடை 0.40 கரட். ஒரு கரட் என்பது 0.2 கிராம். ஆகவே எல்லாக் கல்லையும் சேர்த்தாலும் 0.08 கிராம்தான். அதற்கு ஒரு கிராம் கழித்திருக்கிறார்கள்!

அதாவது சாச்சிக்கு இரண்டு நட்டம். கல்லுக்குப் பணமும் இல்லை, இல்லாத கல்லின் எடைக்குத் தங்கமும் போகிறது. முதல் நட்டம் உலகச் சந்தையால் வருவது. இரண்டாவது, சாச்சிக்குக் கணக்குத் தெரியாது என்று கடைக்காரர் நினைத்ததால் வந்தது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் கொஞ்சம் வரலாறு.

தங்கத்தின் விலை எல்லோருக்கும் தெரியும். காலையில் போனைத் திறந்தால் ஒரு பவுண் என்ன விலை என்று வந்துவிடும். எட்டு கிராம், 22 கரட், இன்றைய விலை. முல்லைத்தீவில் இருக்கிற மூத்தம்மாவும் கொழும்பில் இருக்கிற வியாபாரியும் ஒரே எண்ணைப் பார்க்கிறார்கள். கல்லுக்கு அப்படி ஒரு விலை எந்தக் காலத்திலும் பகிரங்கமாக இருந்ததில்லை.

17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா வைரச் சுரங்கங்களுக்கு வந்த பிரெஞ்சு வியாபாரி தவர்னியே, அங்கே வியாபாரிகள் விலை பேசிய விதத்தை எழுதியிருக்கிறார். வாங்குபவரும் விற்பவரும் எதிரெதிரே உட்காருவார்கள். துணிக்கு அடியில் ஒருவர் மற்றவரின் கையைப் பிடிப்பார். முழுக் கையையும் பிடித்தால் ஆயிரம், ஒரு விரலைப் பிடித்தால் நூறு. பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. இன்று துணி இல்லை. ஆனால் 1978 முதல் வெளிவரும் ரெப்பபோர்ட் விலைப்பட்டியலைப் பார்த்துப் பேசுகிறவர்கள் வைர வியாபாரிகள்தான். சாச்சியிடம் அந்தப் பட்டியல் இல்லை.

தவர்னியே ஒரு கணக்கும் சொல்கிறார். வைரத்தின் விலை எடைப்படி ஏறாது, எடையின் வர்க்கத்தின்படி ஏறும். ஒரு கரட் கல் 100 ரூபா என்றால், அதே தரத்தில் இரண்டு கரட் கல் 200 அல்ல, 400. இதைத் திருப்பிப் பாருங்கள். பத்துச் சின்னக் கற்கள் சேர்ந்து ஒரு கரட் வந்தால், அவற்றின் விலை ஒரு முழுக் கரட் கல்லின் விலையில் பத்தில் ஒன்றுதான். இன்றைய சந்தை இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றுவதில்லை. ஆனாலும் அடிப்படை அதேதான். பொடிக்கல் நிறையப் பதித்த நகையில் "மொத்தம் ஒரு கரட்" என்று சொல்லி விற்பார்கள். விற்கப் போகும்போது அது ஒரு கரட் கல் அல்ல.

இனி நம்மவர் இலக்கியத்துக்கு வருவோம். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்குச் சனம் போகும்போது எங்கள் வீதியே நிறைந்துவிடும். அந்தக் கண்ணகியின் கதை, யோசித்துப் பார்த்தால், ஒரு நகையை விற்கப் போன கதை. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குப் போனது காற்சிலம்பு ஒன்றை விற்று வியாபாரத்துக்கு முதல் தேட.

அதே காப்பியம் மதுரையின் இரத்தினக் கடைவீதியையும் காட்டுகிறது. வைரத்துக்கு நான்கு குற்றங்களைச் சொல்கிறது: காகபாதம், களங்கம், விந்து, கீற்று. காகத்தின் கால் போன்ற வெடிப்பு, கறை, புள்ளி, கோடு. இன்று சர்வதேசச் சான்றிதழில் தெளிவு என்று ஒரு வரி எழுதுகிறார்களே, அது பார்ப்பதும் இப்படியான குற்றங்களைத்தான். கல்லைத் தரம் பிரிக்கும் அறிவு நமக்குப் புதிதல்ல.

ஆனால் அவ்வளவு அறிவுள்ள ஊரிலும் கோவலன் அழிந்தான். ஏன்? அவன் ஊருக்குப் புதியவன். தனியே போனான். கையில் ஒற்றைச் சிலம்பு. அது தன்னுடையது என்று சொல்ல ஒரு சாட்சி இல்லை. முதலில் சந்தித்த ஒருவனையே நம்பினான். அந்தப் பொற்கொல்லனோ அரசியின் சிலம்பை ஏற்கனவே திருடியவன். அரசனும் விசாரிக்கவில்லை. உண்மை எப்போது வெளிவந்தது? கண்ணகி சிலம்பை உடைத்தபோது. அரசியின் சிலம்பில் முத்து, இவளுடையதில் மாணிக்கம். உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்காமல் தீர்ப்புச் சொன்னதுதான் அங்கே நடந்த அநியாயம். (ஒருவன் பொய் சொன்னதால் எல்லாப் பத்தர்களும் பொய்யர் இல்லை. நேர்மையான பத்தர்கள் நம் பக்கம் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.)

இதே விஷயம் எங்கள் மார்க்க வரலாற்றிலும் இருக்கிறது. ஹிஜ்ரி 7, அதாவது கி.பி. 628, கைபர் நாள். பளாலா பின் உபைத் (ரலி) என்ற நபித்தோழர் தங்கமும் மணிகளும் கோத்த ஒரு மாலையைப் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார். பிறகு மணிகளையும் தங்கத்தையும் வேறாக்கிப் பார்த்தால், தங்கம் மட்டுமே பன்னிரண்டு தீனாரை விட அதிகம். நபி (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, பிரித்துப் பார்க்காமல் அதை விற்கக் கூடாது என்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. தங்கத்துக்குத் தங்கம் மாற்றும்போது வரும் வட்டி பற்றிய தீர்ப்பு இது. சட்ட விளக்கத்தை உலமாக்களிடம் கேளுங்கள். நான் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவள். என் கண்ணில் படுவது ஒன்றுதான்: கல்லும் தங்கமும் கலந்து இருக்கும்போது யாரோ ஒருவர் ஏமாறுவார், தெரிந்தோ தெரியாமலோ. பிரித்து நிறுத்தால் சந்தேகம் போய்விடும்.

சரி, முறையாகப் பிரித்துப் பார்த்த பிறகும் கல்லுக்கு ஏன் விலை குறைவு? அது கடைக்காரரின் குற்றம் மட்டுமல்ல. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகத்தின் வைரம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. பிறகு பிரேசில். 1860களின் கடைசியில் தென்னாபிரிக்காவில் கண்டுபிடித்தார்கள், குவியல் குவியலாக. அவ்வளவும் ஒன்றாகச் சந்தைக்கு வந்தால் விலை விழுந்துவிடும். 1888இல் செசில் ரோட்ஸ் தொடங்கிய டி பியர்ஸ் கொம்பனி, கல்லைப் பூட்டி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அவர்கள் வைத்ததுதான் விலை. 1947இல் வைரம் என்றென்றைக்கும் உரியது என்ற விளம்பரத்தைக் கொண்டுவந்தார்கள். என்றென்றைக்கும் உரியது என்றால் விற்காதே என்றும் அர்த்தம். வாங்கியவர்கள் எல்லோரும் விற்க வந்தால் அவர்கள் கட்டிய விலை நிற்காது.

1982இல் எட்வர்ட் ஜே எப்ஸ்டீன் என்ற அமெரிக்க எழுத்தாளர், ஒரு வைரத்தைத் திருப்பி விற்பது எவ்வளவு கஷ்டம் என்று அட்லாண்டிக் சஞ்சிகையில் விரிவாக எழுதினார். அவர் காட்டிய காரணம் எளிமையானது. நகைக்கடைகள் பல, மொத்த வியாபாரியிடம் கல்லை விற்ற பிறகு பணம் தருவதாக எடுத்து வைக்கின்றன. முதல் போடாமலே கல் கிடைக்கும்போது, உங்கள் கல்லுக்கு ஏன் கையிலிருந்து காசு தர வேண்டும்? இது நியூயோர்க்குக்கும் பொருந்தும், வவுனியாவுக்கும் பொருந்தும்.

இப்போது ஆய்வுகூட வைரமும் வந்துவிட்டது. 1954இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார்கள். 2018இல் டி பியர்ஸ் கொம்பனியே ஒரு கரட் 800 டொலருக்கு அதை விற்கத் தொடங்கியது. அதன் பிறகு விலை இன்னும் இறங்கியது. அதுவும் உண்மையான வைரம்தான், கண்ணாடி அல்ல. ஆனால் திருப்பி விற்கும்போது அதற்கு மதிப்பு மிகக் குறைவு. வாங்கும்போது எது என்று கேட்டு பற்றுச்சீட்டில் எழுதி வாங்காவிட்டால், பிறகு சாதாரணக் கண்ணால் யாராலும் சொல்ல முடியாது.

இனி நம் மண்ணின் கதை. இதை எழுதாமல் விட முடியவில்லை.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எனக்கு அப்போது ஒரு வயது. தண்ணீரூற்றிலிருந்து வரும்போது உம்மா தன் கல்யாணத் தோட்டை என் சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்திருந்தார். கல் வைத்த தோடு. உம்மம்மா கொடுத்தது. வைரம் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

புத்தளத்தில் முகாமில் மூன்றாவது மாதம் எனக்குக் காய்ச்சல். சைக்கிளில் ஒரு வியாபாரி முகாம் வாசலுக்கு வந்து நகை வாங்குவார். உம்மா தோட்டைக் கொடுத்தார். அவர் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது கண்ணாடி" என்றார். தங்கத்துக்கு மட்டும் ஏதோ கொடுத்தார். உம்மா கல்லைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தெரியாது.

2009க்குப் பிறகு ஊர் திரும்பி, இங்கே ஆசிரியையாகச் சேர்ந்தேன். என்னோடு படிப்பிக்கும் தமிழ் ஆசிரியை ஒருவர் ஒருநாள் தன் கதையைச் சொன்னார். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் சாப்பாட்டுக்காகக் காப்பு, சங்கிலி எல்லாம் போனது. மிஞ்சிய தாலிக்கொடியை செட்டிகுளம் முகாமில் இருக்கும்போது, வந்த விலைக்குக் கொடுத்தார். "நிறுத்துப் பார்க்கத் தராசும் இல்லை, பேரம் பேச வாயும் இல்லை டீச்சர்" என்றார். என் உம்மாவும் அந்த ஆசிரியையும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள், பத்தொன்பது வருட இடைவெளியில்.

சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பிறகு அந்த வியாபாரத்தை முறிக்கவும் உரிமை கொடுத்தார்கள். கல்வியியற் கல்லூரியில் இருந்தபோது இதை முதன்முதலில் வாசித்தேன். அன்று எனக்கு நினைவு வந்தது முகாம் வாசலில் நின்ற அந்தச் சைக்கிள். விலை தெரியாதவரிடம், காத்திருக்க முடியாதவரிடம் வாங்குவது வியாபாரம் மாதிரித் தெரியும். நியாயம் அதில் இல்லை.

இன்று நம்மை யாரும் துரத்தவில்லை, அல்ஹம்துலில்லாஹ். காத்திருக்க முடியும், கேட்க முடியும். ஆகவே:

பற்றுச்சீட்டு, சான்றிதழ் எதையும் வீசாதீர்கள். நகையை விட அதைப் பத்திரமாக வையுங்கள். சான்றிதழ் உள்ள பல கற்களின் ஓரத்தில் அதே இலக்கம் பூதக்கண்ணாடியில் தெரியும் அளவில் பொறிக்கப்பட்டிருக்கும்.

எத்தனை கரட் தங்கம் என்று பாருங்கள். வைர நகை பெரும்பாலும் 18 கரட். அதாவது 75 வீதம்தான் தங்கம். 22 கரட் விலையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதேபோல 14 கரட் என்று சொன்னால் நம்பிவிடவும் வேண்டாம்.

கல்லுக்குக் கழிவு என்றால் எத்தனை கிராம் என்று கேளுங்கள். வாங்கும்போது கல்லையும் தங்க விலைக்கு நிறுத்துத் தருவதும் நடக்கிறது. அதையும் கவனியுங்கள்.

கல்லுக்குக் காசில்லை என்றால், "அப்ப கல்லைக் கழற்றித் தாங்கோ" என்று கேளுங்கள். உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். இது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை.

தனியே போகாதீர்கள். ஒரே நாளில் மூன்று கடை பாருங்கள். அவசரம் என்று வாயால் சொல்லாதீர்கள்.

பழைய கல் என்ன கல் என்று தெரியாவிட்டால், கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கலாம். இலங்கையில் வைரச் சுரங்கம் இல்லை. ஆனால் நிறமற்ற சேர்க்கன் கல்லை "மாத்தறை வைரம்" என்று நெடுங்காலம் விற்றிருக்கிறார்கள். அது வைரமும் அல்ல, கண்ணாடியும் அல்ல.

கடைசியாக, வாங்கப் போகிறவர்களுக்கு. சேமிப்புக்கு என்றால் கல் இல்லாத தங்கம் வாங்குங்கள். வைரம் ஆசைக்கு வாங்குவது. அந்தக் காசு திரும்பி வராது என்று தெரிந்து வாங்கினால் மனக்கஷ்டம் இல்லை.

சாச்சியின் கதையை முடித்துவிடுகிறேன். மறுபடியும் வவுனியாவுக்குப் போனோம், இந்த முறை இரண்டு பேராக. மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் எங்கள் முன்னாலேயே நடுக்கல்லைக் கழற்றித் தந்தார். பொடிக்கல்லுக்கு 0.02 கிராம் மட்டும் கழித்து, மிச்சத்துக்கு 18 கரட் விலை போட்டார். சான்றிதழோடு அந்த நடுக்கல்லைச் சாச்சியின் தம்பி கொழும்புச் செட்டியார் தெருவில் நான்கு இடத்தில் காட்டி, கூடிய விலை சொன்னவருக்குக் கொடுத்தார். எல்லாம் சேர்த்தும் மகன் வாங்கிய விலையில் பாதி வரவில்லை. ஆனால் முதல் கடை சொன்னதை விடக் கணிசமாகக் கூட. பிள்ளை யாழ்ப்பாணம் போய்விட்டாள்.

இதையெல்லாம் உம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "அப்ப என்ட தோட்டுக் கல்லு என்னவா இருந்திருக்கும் மகள்?" என்று கேட்டார்.

வைரமாக இருக்கலாம். மாத்தறைக் கல்லாக இருக்கலாம். அந்த மனிதர் சொன்னது போலக் கண்ணாடியாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்காமல் போன கல் அது. உங்கள் வீட்டு நகைக்கு அந்தக் கேள்வி மிஞ்சக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.